வாசகர் கேள்வி: மெமரி கார்டுக்குள் என்ன நடக்கிறது?

சென்ற இதழில் லென்ஸ் துடைப்பது பற்றி எழுதியபோது போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "மெமரி கார்டு தபால்காரரின் பை. அதை அலமாரியாக நினைக்காதீர்கள்." லென்ஸ் பற்றி வந்த கடிதங்கள் இரண்டே இரண்டு. கார்டு பற்றி வந்தவை ஒரு கட்டு. "அந்தப் பைக்குள் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டவர்கள் பாதி, "என் பை கிழிந்துவிட்டது, இப்போது என்ன செய்ய?" என்று புலம்பியவர்கள் மீதி. அதனால் இந்த மாதம் முழுக்கக் கார்டுதான். இருபது வருடங்களுக்கு மேலாகப் படம் எடுக்கிறேன். அதில் பாதிக் காலம் மற்றவர்கள் தொலைத்த படங்களைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். பதில் சொல்ல இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டு இருக்கிறது, காந்தம் இருக்கிறது, புரிகிறது. கார்டில் அசையும் பொருள் எதுவும் இல்லை, பேட்டரியும் இல்லை. கேமராவை அணைத்த பிறகும் படம் எப்படி நிற்கிறது?
(இயற்பியல் படிக்கும் மாணவி)

சிறைப்பட்ட எலக்ட்ரான்களாக நிற்கிறது. நீங்கள் இயற்பியல் படிப்பவர் என்பதால் கொஞ்சம் உள்ளே போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் உள்ள சிலிக்கான் சில்லில் வரிசை வரிசையாக டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டிச் சுவிட்சுகள். சாதாரண டிரான்சிஸ்டரில் இல்லாத ஒன்று இவற்றில் உண்டு: எலக்ட்ரான்களை அடைத்து வைக்க ஒரு சின்ன அறை. அறையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத சுவர். கதவு கிடையாது. ஆனால் 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் சுவரையே ஊடுருவி உள்ளே போய்விடும். உங்கள் பாடத்தில் 'டனலிங்' என்று வருமே, அதுதான். கேமரா கொடுப்பது 3.3 வோல்ட் மட்டுமே. மிச்சத்தைச் சில்லே தனக்குள் ஏற்றிக்கொள்கிறது. அழுத்தம் நின்றதும் உள்ளே போனவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவற்றைக் காவல் காக்க மின்சாரம் வேண்டாம். படிக்கும்போது, அறையில் எலக்ட்ரான்கள் இருந்தால் அந்த டிரான்சிஸ்டர் லேசில் திறக்காது. காலியாக இருந்தால் திறக்கும். காலி என்றால் 1, நிரம்பியிருந்தால் 0.

இந்த அறையை முதலில் செய்து காட்டியவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தின் டாவன் காங், சைமன் சீ. ஆண்டு 1967. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987-இல் இன்று நம் கார்டுகளில் இருக்கும் நாண்ட் வகையையும் உலகுக்கு அறிவித்தார். பெயர் வந்த கதை நம் பகுதிக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஒரு பெரும் பகுதியை ஒரே நொடியில் அழித்துவிடுவதைப் பார்த்த அவருடைய சக ஊழியர் அரிஇசுமி, "இது கேமரா ஃபிளாஷ் அடிப்பது போல இருக்கிறதே" என்றாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் ஓர் அறைக்கு ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1. பானையில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. இன்று பெரும்பாலான கார்டுகளில் ஓர் அறைக்கு மூன்று பிட். அதாவது பானைக்குள் எட்டு மட்டங்கள் குறித்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 64 ஜிபி கார்டு என்றால் இப்படிச் சுமார் 17,000 கோடி பானைகள். கொஞ்சம் கசிந்தாலும் அடுத்த மட்டத்துக்கு இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்தோடும் (ஒரே மூச்சில் எழுதும் பகுதிக்குப் பக்கம் என்று பெயர்) பிழைதிருத்தக் குறியீடு ஒன்றையும் சேர்த்து எழுதி வைக்கிறார்கள். சின்னச் சின்னக் கசிவுகளை நமக்குத் தெரியாமலேயே கார்டு திருத்திக்கொள்கிறது. எழுதி அழிக்க அழிக்கச் சுவர் தேயும். ஒரு பிட் வகை சுமார் ஒரு லட்சம் தடவை தாங்கும். மூன்று பிட் வகைக்குச் சில ஆயிரம் தடவையே அதிகம்.

இன்னொரு விசித்திரம் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்தன. இந்தச் சில்லில் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு நோட்டையே மொத்தமாக அழிக்க வேண்டும். ஒரு பக்கத்தை மாற்ற ஒரு நோட்டை அழிப்பது கட்டுப்படியாகுமா? ஆகாது. எனவே புதியதை வேறொரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, "அது இங்கே மாறிவிட்டது" என்று குறித்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. அந்த ஆள் கன்ட்ரோலர். நான் அவரைக் கணக்குப்பிள்ளை என்பேன். எந்த நோட்டு அதிகம் தேய்ந்தது, எது கெட்டுப்போனது, எது எங்கே இருக்கிறது என்ற கணக்கெல்லாம் அவரிடம்தான்.

செத்துப்போன கார்டு ஒன்றின் விளிம்பில் பிளேடைச் செருகி ஒருநாள் பிளந்து பார்த்தேன். வெளியே 32 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். உள்ளே முக்கால்வாசி வெறும் பிளாஸ்டிக், வெறும் காற்று. தங்க நிறத் தொடுமுனைகளை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. நினைவகம், கணக்குப்பிள்ளை எல்லாம் அதற்குள்தான். ஒரு வருடத்துப் படங்கள் அதற்குள் இருந்தன என்று நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

பயணத்தில் எடுத்த 300 படங்களையும் கணினிக்கு மாற்றிவிட்டேன் என்று நினைத்து கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். மாற்றவே இல்லை. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து படம் வேறு எடுத்துத் தொலைத்தேன். போனது போனதுதானா சார்?
(தூக்கம் வராத ஒரு தந்தை)

முதலில் கார்டை வெளியே எடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எடுத்துவிட்டீர்களா? சரி. பெரும்பாலான படங்கள் இன்னும் கார்டில்தான் இருக்கும். காரணம் சொல்கிறேன். கன்ட்ரோலர் வைத்திருக்கும் கணக்கைத் தவிர, கேமரா எழுதி வைக்கும் கணக்கு ஒன்றும் கார்டில் உண்டு. எந்தப் பெயருள்ள படம், எந்த இடத்தில் தொடங்கி எங்கே போகிறது என்ற அட்டவணை அது. ஒரு படத்தை 'டெலிட்' செய்தால், அட்டவணையில் அதன் பதிவில் ஒரு சின்னக் குறியை மாற்றி, "இந்த இடம் காலி" என்று குறிப்பதோடு கேமரா நிறுத்திக்கொள்ளும். படத்தின் பக்கம் போவதே இல்லை. சாதாரண ஃபார்மட் என்றால் அட்டவணையையே புதிதாகப் போட்டுவிடும். அப்போதும் படங்கள் பழைய இடத்திலேயே கிடக்கும், விலாசம் மட்டும் இருக்காது. 300 படத்தையும் உண்மையிலேயே அழிக்க வேண்டுமென்றால் ஃபார்மட் இரண்டு நொடியில் முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் ஆபத்து அந்தப் பதினைந்து புதுப் படங்கள்தான். அவை பழையவற்றின் மேல் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் முதலில் எடுத்த படங்கள்தான் பலியாகியிருக்கும், ஏனென்றால் காலியான கார்டில் கேமரா முன்பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வரும்.

மீட்க உதவும் மென்பொருள்கள் பல உண்டு. ஃபோட்டோரெக் என்பது இலவசம், முகம் பார்க்க நன்றாக இருக்காது, வேலை நன்றாகச் செய்யும். இவை அட்டவணையை நம்புவதில்லை. கார்டை முதலிலிருந்து கடைசிவரை தடவிக்கொண்டே போகும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 'எஃப்எஃப் டி8' என்ற இரண்டு பைட்டுகளோடு (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) தொடங்கும். அது கண்ணில் பட்டால், "இங்கே ஒரு படம் தொடங்குகிறது" என்று அங்கிருந்து வெட்டி எடுக்கும். நான் முதன்முதலில் இப்படி மீட்டபோது 200 படம் இருந்த கார்டிலிருந்து 400 கோப்பு வந்தது. பாதி, தபால்தலை அளவுக்குக் குட்டிக் குட்டியாக. ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமராத் திரைக்காக ஒரு சின்னப் பிரதி ஒளிந்திருக்கும், அதுவும் அதே இரண்டு பைட்டுகளோடுதான் தொடங்கும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. உங்களுக்கும் அப்படி வந்தால் பயப்படாதீர்கள், அளவு பார்த்துப் பிரித்துவிடலாம். பழைய பெயர்கள் கிடைக்காது. எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று: மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள். சிரிக்காதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள்.

வீடியோ என்றால் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன். பெரிய கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கலாம். எந்தக் காட்சி எங்கே என்ற உள்கணக்கைப் பல கேமராக்கள் கடைசியில்தான் எழுதும். அட்டவணையும் போய் அதுவும் போனால் ஒட்டுவது கஷ்டம். அதேபோல, சில கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மட்' என்றொரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டிருந்தால் நோட்டுகளையே அழிக்கச் சொல்லிவிட்டதாக அர்த்தம். அங்கே என் கைவரிசை செல்லாது.

நானும் உங்களைப் போல அழுதவன்தான். ஒரே நிறத்தில், ஒரே அளவில் இரண்டு கார்டுகள். மழை பிடித்துக்கொண்டது. குடைக்குள் நின்று, காலிக் கார்டு என்று நினைத்து நிரம்பியதை மாட்டி, எச்சரிக்கையைப் படிக்காமல் 'ஓகே' அழுத்தினேன். அன்றிலிருந்து நிரம்பிய கார்டைப் பையில் வைக்கும்போது முகம் கவிழ்த்து வைக்கிறேன். தொடுமுனை மேலே தெரிந்தால் தொடக்கூடாது. இந்தப் பழக்கம் எத்தனையோ மென்பொருளைவிட எனக்கு உதவியிருக்கிறது.

64 ஜிபி என்று வாங்கினேன், கணினியில் 59 என்று காட்டுகிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக இருக்கிறதே?

யாரும் திருடவில்லை. கார்டு செய்பவர் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார். விண்டோஸ் கணினி 107,37,41,824 பைட் சேர்ந்தால்தான் ஒரு ஜிபி என்கிறது. 6,400 கோடியை அதால் வகுத்தால் 59.6 வரும்.

கார்டின் மேல் '170 எம்பி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் கணினிக்கு மாற்ற அரை மணி நேரம் ஆகிறது. பறவை பறக்கும்போது தொடர்ச்சியாகச் சுட்டால் சில நொடிகளில் கேமரா திணறி நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?
(பறவைகள் பின்னால் அலைபவர்)

ஏமாறவில்லை, கொட்டை எழுத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்த 170 என்பது கார்டிலிருந்து படிக்கும் வேகம், அதுவும் எல்லாம் கூடி வந்தால் கிடைக்கும் உச்ச வேகம். எழுதும் வேகத்தைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அல்லது போடவே மாட்டார்கள். எலக்ட்ரான்களைச் சுவர் வழியே சரியான மட்டம் வரை ஏற்றி, ஏறிவிட்டதா என்று சோதித்து, மறுபடி கொஞ்சம் ஏற்ற வேண்டும். எட்டிப் பார்ப்பதைவிட எழுதுவதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

கார்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரே வரிசையில் ஒன்பது தொடுமுனைகள் மட்டும் இருந்தால் உங்களுடையது யுஎச்எஸ்-1 வகை (யுஎச்எஸ் என்பது கார்டும் கருவியும் தரவு பரிமாறும் வேகத்துக்கான பொது விதி). அவற்றில் நான்குதான் தரவு போகும் கம்பி. மற்றவை மின்சாரம், கட்டளை, தாளம் போடும் துடிப்பு ஆகியவற்றுக்கு. நொடிக்கு 20.8 கோடி துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கம்பியில் ஒரு பிட். பெருக்கி எட்டால் வகுத்தால் 104 எம்பி. பொது விதிப்படி அதுதான் உச்சவரம்பு. அப்புறம் 170 எப்படி? சில தயாரிப்பாளர்கள் விதிக்கு வெளியே தங்களுக்கென்று ஒரு வேகமான முறையை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ரீடரில், அதாவது கார்டைக் கணினியோடு இணைக்கும் கருவியில், போட்டால் அந்த வேகம் வரும். கேமராவுக்கு அந்த பாஷை தெரியாது. இரண்டாவது வரிசைத் தொடுமுனைகள் இருந்தால் அது யுஎச்எஸ்-2, 312 எம்பி வரை போகும். அதைப் பழைய கேமராவில் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் முதல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு பழைய வேகத்தில்தான்.

இப்போது உங்கள் அரை மணி நேரம். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மடை திறந்த அளவுக்குத்தானே வரும்? உங்கள் ரீடர் பழைய யுஎஸ்பி 2.0 வகை என்று பந்தயம் கட்டுகிறேன். அது ஏட்டில் நொடிக்கு 480 மெகாபிட். பிட்டை பைட்டாக்கி, போக்குவரத்துச் செலவும் கழித்தால் கையில் 35 எம்பி மிஞ்சும். 60 ஜிபி மாற்ற 28 நிமிடம். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது பாருங்கள். ரீடரை மாற்றினால், கார்டை மாற்றாமலேயே பத்துப் பதினோரு நிமிடத்தில் முடியும்.

ரீடர் நல்லதாக இருந்தும் மெதுவாக இருந்தால் தொடுமுனையைப் பாருங்கள். தரவு 512 பைட் கட்டுகளாகத்தான் போகும், ஒவ்வொரு கட்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். எண் ஒத்துப்போகாவிட்டால் "திரும்ப அனுப்பு" என்று கேட்கும். விரல் எண்ணெய் படிந்த முனையில் இது அடிக்கடி நடக்கும். நமக்குத் தெரிவது தாமதம் மட்டும்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

பறவை விவகாரம் வேறு. ஒரு ரா படம் (சென்சார் பார்த்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) 25 எம்பி, நொடிக்குப் பத்துப் படம் என்றால் நொடிக்கு 250 எம்பி சுரக்கிறது. கார்டு வாங்கிக்கொள்வது 80 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 170 எம்பி கேமராவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில் தேங்கும். அது 1,000 எம்பி என்றால் ஆறாவது நொடியில் நிரம்பிவிடும். அப்புறம் கார்டு காலி செய்யக் காலி செய்யத்தான் அடுத்த படம். பறவை அதுவரை காத்திருக்காது. வேகமான கார்டு உதவும், உங்கள் கேமரா அந்த வேகத்தை ஏற்கும் என்றால். இல்லாவிட்டால் பறவை இறக்கை விரிக்கும் முன்பே விரலை அழுத்தாமல் இருக்கப் பழகுவதுதான் வழி. நானும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கார்டில் இருக்கும் மற்ற குறிகளையும் சொல்லிவிடுகிறேன். வட்டத்துக்குள் 10, 'யூ' எழுத்துக்குள் 1 அல்லது 3, 'வி' சேர்ந்த 30, 60, 90 எல்லாம் குறைந்தபட்ச எழுதும் வேகத்துக்கான உறுதிமொழி. வட்டம் 10-ம் யூ1-ம் நொடிக்கு 10 எம்பி, யூ3-ம் வி30-ம் 30 எம்பி, வி90 என்றால் 90. வீடியோவுக்கு உச்சம் முக்கியமில்லை, எந்த நொடியும் இதற்குக் கீழே இறங்காது என்பதே முக்கியம். நொடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோவுக்குத் தேவை 12.5 எம்பி மட்டுமே. யூ3 தாராளம். வி90 வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

நீளமான வீடியோ எடுத்தால் கார்டில் இரண்டு மூன்று துண்டாகக் கிடக்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?

இல்லை. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 என்ற கணக்கு முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேமரா ஒன்றை மூடி அடுத்ததைத் திறக்கும். 32-க்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறை, அதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் சில கேமராக்கள் பழைய பழக்கத்தில் அங்கேயும் வெட்டும். துண்டுகளை வரிசையாக ஒட்டினால் போதும், நடுவில் எதுவும் விட்டுப்போயிருக்காது.

கார்டின் ஓரத்தில் இருக்கும் 'லாக்' பொத்தானைத் தள்ளி வைத்தால் படங்கள் பத்திரம்தானே?

அந்தப் பொத்தானுக்கும் கார்டின் மூளைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. கேமராவில் இருக்கும் சின்ன விசை ஒன்று அதைத் தடவிப் பார்த்து, "பூட்டியிருக்கிறது, எழுத வேண்டாம்" என்று மரியாதை கொடுக்கிறது. கொடுக்காத ரீடரும் இருக்கிறது. சிலருக்கு அது ஒடிந்து விழுந்துவிட்டு, கார்டு எப்போதும் பூட்டியதாகவே காட்டும். அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டுங்கள், படங்களை எடுத்துக்கொண்டு கார்டுக்கு ஓய்வு கொடுங்கள்.

சிவப்பு விளக்கு எரியும்போது கார்டை உருவினால் என்ன ஆகும்? அவசரத்தில் பலமுறை செய்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

ஆகிற அன்றைக்கு எனக்கு எழுதுவீர்கள். விளக்கு எரிகிறது என்றால் படம் எழுதப்படுகிறது, அல்லது அட்டவணை எழுதப்படுகிறது, அல்லது கார்டே தனக்குள் நோட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. படம் எழுதும்போது உருவினால் அந்த ஒரு படம் போகும். அட்டவணை எழுதும்போது உருவினால் எல்லாப் படங்களின் விலாசமும் குழம்பும். இதையும் நான் சொன்ன மென்பொருளால் சமாளிக்கலாம். மூன்றாவதுதான் கொடுமை. கணக்குப்பிள்ளை தன் சொந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அடுத்த முறை கார்டு தன் பெயரையே மறந்தது போல நிற்கும். கணினி 'பூஜ்யம் பைட்' என்று காட்டும், அல்லது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 17,000 கோடி அறைகளிலும் எலக்ட்ரான்கள் அப்படியே இருக்கும், எந்த அறைக்குப் பிறகு எந்த அறை என்று சொல்ல ஆள் இருக்காது. சில்லை நேரடியாகப் படிக்கும் கூடங்கள் இருக்கின்றன. செலவு கார்டின் விலையைப் போலப் பல மடங்கு.

என்னிடம் வந்த கார்டுகளில் சுவர் தேய்ந்து செத்தவை மிகக் குறைவு. கணக்குக் கெட்டு வந்தவைதான் ஏகப்பட்டவை. பேட்டரி சிவப்பில் இருக்கும்போது எழுதவிட்டதும் அதே கதைதான்.

படங்களைக் கேமராவிலேயே ஒவ்வொன்றாக அழிக்கக் கூடாது, கார்டு கெட்டுவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. கார்டு கெடாது. அங்கங்கே ஓட்டை விழுந்து, அடுத்து வரும் பெரிய கோப்பு துண்டாகும், அவ்வளவுதான். ஆனால் சின்னத் திரையில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழிக்கும்போது நல்ல படத்தை அழிப்பீர்கள், அதுதான் என் பயம். கணினிக்கு மாற்றி, இரண்டு இடத்தில் வைத்து, திறந்து பார்த்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் ஃபார்மட் செய்தால் கேமராவுக்குப் பிடித்த முறையில் அமையாமல் போகலாம்.

மாற்றும்போது ஒரு பொறி உண்டு. எல்லாக் கேமராவும் படங்களை 'டிசிஐஎம்' என்ற உறைக்குள் (ஃபோல்டர்) போடுவது 1998-இல் வந்த ஒரு பொது விதியால். அந்த விதிப்படி படத்தின் பெயர் நான்கு எழுத்து, நான்கு இலக்கம். 9999 முடிந்தால் மறுபடி 0001. எல்லாவற்றையும் ஒரே உறையில் கொட்டுகிறவர்களுக்குக் கணினி கேட்கும்: "இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றிவிடவா?" அரைத்தூக்கத்தில் "ஆம்" என்பீர்கள். தேதிவாரியாக உறை போட்டுக்கொள்ளுங்கள்.

512 ஜிபி கார்டு நம்பமுடியாத மலிவாகக் கிடைத்தது. முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது புதுப் படங்கள் பாதி சாம்பலாக வருகின்றன, சில திறக்கவே மாட்டேன் என்கின்றன.

நம்பமுடியவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சில்லாக இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்து 512 என்று சொல்லவைத்திருக்கிறார்கள். கேமரா கேட்கும், அவர் 512 என்பார், கேமரா நம்பும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதை வாங்கி வாங்கிக் கீழே போடுவார், அல்லது பழையதின் மேலேயே எழுதுவார். "எழுதியாயிற்று" என்று மட்டும் கூசாமல் சொல்வார்.

கண்டுபிடிக்க ஒரே வழி, கார்டு முழுவதும் எழுதி, முழுவதையும் திரும்பப் படித்து ஒப்பிடுவதுதான். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் அதைச் செய்யும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். புதுக் கார்டு எதை வாங்கினாலும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், இந்தச் சோதனை முடியாமல் முக்கியமான வேலைக்கு நான் எடுத்துப் போவதில்லை.

விமான நிலைய எக்ஸ்ரே? காந்தம்? சட்டைப் பையோடு துவைத்துவிட்டேன்?

எக்ஸ்ரே, படச்சுருளைக் கெடுக்கும், கார்டைக் கெடுக்காது. காந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. துவைத்த கார்டை இரண்டு நாள் நிழலில் காயவையுங்கள், அதுவரை எதிலும் போடாதீர்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். என்னுடையது ஒன்று சோப்பு வாசனையோடு இன்னும் ஓடுகிறது.

பழைய கார்டுகளில் படங்களை அப்படியே வைத்து டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். எத்தனை வருடம் இருக்கும் ஐயா?
(ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை)

அறையின் சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எலக்ட்ரான்கள் ஒன்றிரண்டாகக் கசிந்துகொண்டுதான் இருக்கும். அதிகம் எழுதித் தேய்ந்த கார்டில் வேகமாக, வெப்பமான இடத்தில் இன்னும் வேகமாக. ஓர் அறைக்கு மூன்று பிட் வைக்கும் இன்றைய கார்டு, ஒரு பிட் வைத்த பழைய கார்டைவிடச் சீக்கிரம் தடுமாறும். இத்தனை வருடம் என்று ஒரு எண்ணை உங்களுக்கு எழுதிக் கொடுக்க என் கை வராது. இந்த வாரமே ஒவ்வொன்றாகப் போட்டு, படங்களை இரண்டு வெவ்வேறு வட்டில் பிரதி எடுத்துவிடுங்கள் அம்மா. நாளாக நாளாக ரீடர் கிடைப்பதே பெரும்பாடாகிவிடும்.

என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. என் முதல் கார்டு, ஸ்மார்ட்மீடியா வகை, 16 எம்பி. ஜிபி இல்லை, எம்பிதான். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, வளைத்தால் வளையும் போலிருக்கும். அதில் கணக்குப்பிள்ளை கிடையாது, எல்லாக் கணக்கையும் கேமராவே பார்த்துக்கொண்டது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இழுப்பறையில் தேடி எடுத்தேன். அதைப் படிக்கும் ரீடரை ஒரு நண்பரிடமிருந்து இரவல் வாங்க நான்கு நாள் ஆயிற்று. 14 படங்கள் இருந்தன. 13 திறந்தன. பதினான்காவதில் மேலிருந்து பாதிவரை வந்து, அதற்குக் கீழே சாம்பல் நிறம். அம்மாவின் முகம் முழுசாக இருக்கிறது, சிரிக்கிறார். மடியில் ஏதோ ஒரு குழந்தை, நெற்றி மட்டும் தெரிகிறது. அது யாருடைய நெற்றி என்று வீட்டில் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.